ஹோண்டா என்எஸ்எக்ஸும் இன்னைக்கு போர்ஷேயும்

வணக்கம் நேயர்களே. இன்னைக்கு ரெண்டு காரைப் பத்திப் பேசப்போறேன், ஒன்னு 1990ல ஜப்பான்ல விற்பனைக்கு வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ், இன்னொன்னு 2019ல வந்த போர்ஷே 911 கரேரா, ஆளுங்க 992ன்னு சொல்ற மாடல். ரெண்டுலயும் ஆறு சிலிண்டர், ரெண்டுமே கிட்டத்தட்ட 3 லிட்டர் இன்ஜின், அதனாலதான் இந்த ஜோடி.

நம்பரை வச்சுப் பாத்தா போட்டியே இல்ல. போர்ஷேல இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ளுற டர்போ ரெண்டு, 385 குதிரை சக்தி, 450 நியூட்டன் மீட்டர் டார்க்கும், அதாவது திருப்பு விசையும், 1950 ஆர்பிஎம்லயே (இன்ஜின் நிமிஷத்துக்கு சுத்துற சுத்து) முழுசா கைக்கு வந்துடும், காலை லேசா வச்சாலே போதும், கியரை எட்டு ஸ்பீடு பிடிகேங்கற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பாத்துக்கும். ஹோண்டால டர்போ கெடையாது, ஜப்பான் மாடல்ல 280 தான்.

ஆனா அந்த 280 எப்படி வருதுங்கறதுதான் விஷயமே! ஒவ்வொரு ஜோடி வால்வுக்கும், அதைத் தெறக்குற கேம்ஷாஃப்ட்டுங்கற தண்டுல மூனு லோப், அதாவது மேடு, இருக்கும், 5800 ஆர்பிஎம் வரைக்கும் ஓரத்துல இருக்குற சின்ன லோப் ரெண்டும்தான் வேலை பாக்கும், அதைத் தாண்டுனதும் ஆயில் பிரஷர் குட்டி பின்னைத் தள்ளி, லோப்புக்கும் வால்வுக்கும் நடுவுல இருக்குற ராக்கர் ஆர்ம் மூனையும் ஒன்னா பூட்டிடும், அப்புறம் நடுவுல இருக்குற பெரிய லோப் வால்வை இன்னும் ஆழமா, இன்னும் கூடுதல் நேரம் தெறந்து வைக்கும், சத்தமே மாறிப்போய் 8000 வரைக்கும் ஏறும். இதுதான் விடெக். உள்ள பிஸ்டனோட சேர்ந்திருக்குற கனெக்டிங் ராடு டைட்டானியம், 1990ல ரோட்டுல ஓடுற காருக்கு இதெல்லாம் சாதாரண வேலையா சொல்லுங்க?

பாடி முழுக்க அலுமினியம். 1989ல ஜப்பான் சுசூகா ரேஸ் டிராக்ல ஃபார்முலா ஒன் வீரர் அயர்டன் சென்னா ஓட்டிப் பாத்துட்டு உறுதி பத்தலன்னு சொல்ல, ஹோண்டா இன்ஜினியர் உஎஹாரா ஷிகெருவோட டீம் ஜெர்மனி நூர்பர்க்ரிங் ரேஸ் டிராக்லயே கெடந்து பாடியை இன்னும் கெட்டியாக்குச்சு. ஆரம்பத்துல வந்த மேனுவல் காருக்கு பவர் ஸ்டியரிங்கும் கெடையாது, பார்க்கிங்ல கை வலிக்கும்தான், ஆனா வளைவுல முன் டயர் எவ்ளோ பிடிச்சிருக்குன்னு உள்ளங்கைக்கே தெரியும்.

போர்ஷேயைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. முன் சக்கரத்துக்கு மேல வச்சிருக்குற சென்சார் தெறிக்குற தண்ணி சத்தத்தைக் கேட்டே ரோடு ஈரமா இருக்குன்னு கண்டுபிடிச்சு, ஈர ரோட்டுக்கான வெட் மோடுக்கு மாத்துங்கன்னு சொல்லும், மழையில குடும்பத்தோட போறவங்களுக்கு அதோட அருமை புரியும். ஆனா அவ்ளோ வேலையையும் காரே செஞ்சுட்டா ஓட்டுறவனுக்கு என்ன மிச்சம்? ஹோண்டால கிளட்ச், கியர், 5800 எப்போ தாண்டனும்ங்கறது எல்லாமே நம்ம கையிலயும் கால்லயும்தான். ஸ்போர்ட்ஸ் காரை வேகமா போய்ச் சேரவா வாங்குறோம், ஓட்டத்தானே வாங்குறோம்? அதனால என் ஓட்டு என்எஸ்எக்ஸுக்குதான், போர்ஷேதான் வேணும்ங்கறவங்க மேனுவலோட வர்ற கரேரா டி-யைப் (Carrera T) பாருங்க. நன்றி, வணக்கம்.