கழுத்தைத் திருப்பத் தெரியுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேராவது ஆர்.டி.ஓ. ஆபீசில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியவர்களாக இருப்பீர்கள். கார் என்றால் எச். நான் 1998-இல் பொள்ளாச்சியில் எச் போட்டேன். மாமாவின் அம்பாசிடரில் பழகியது. அதற்கப்புறம் பதின்மூன்று வருடம் ஓட்டினேன். வால்பாறைக்கு ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு, தெரியும்தானே? அதில் மழையில் ஏறியிருக்கிறேன், பனியில் இறங்கியிருக்கிறேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், 2011-இல் கணவரின் வேலைக்காக ஜப்பானுக்குப் போனபோது எனக்கு எவ்வளவு தலைக்கனம் இருந்தது என்று நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஸ்டியரிங்கும் நம்மைப் போல வலது பக்கம்தான். சரி, இனி என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

நாங்கள் இருந்தது தோக்கியோவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம் தள்ளி ஒரு சிற்றூர். கடைக்குப் போக, மகனைப் பள்ளியில் விட, எல்லாவற்றுக்கும் கார் வேண்டும். முதல் வருடம் சிக்கல் இல்லை. 1949-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுக்கிற சர்வதேச பெர்மிட்டை ஜப்பான் ஏற்கும். இந்தியாவும் அதில் சேர்ந்த நாடு. ஊரிலேயே ஆர்.டி.ஓ. ஆபீசில் வாங்கிப் போயிருந்தேன். ஆனால் வந்து இறங்கிய நாளிலிருந்து ஒரு வருடம்தான். தீபாவளிக்கு ஊருக்குப் போய், புது பெர்மிட்டோடு பத்து நாளில் திரும்பினால் போதாதா என்று கேட்காத தமிழர் அங்கே கிடையாது. போதாது. குறைந்தது மூன்று மாதம் வெளியே இருந்துவிட்டு வந்தால்தான் அந்தக் கணக்கு மறுபடி தொடங்கும்.

அதனால் நம் லைசென்ஸை அந்த ஊர் லைசென்ஸாக மாற்ற வேண்டும். அதற்குப் பெயர் ‘காய்மென் கிரிகாயெ’. ஜெர்மனி, பிரான்ஸ், கொரியா என்று இன்றைக்கு 29 நாடுகள், பகுதிகளின் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தேர்வே இல்லை. கண் பார்வையைச் சோதித்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். நம் நாடு அந்தப் பட்டியலில் இல்லை. நமக்கு எழுத்தும் உண்டு, ஓட்டிக் காட்டுவதும் உண்டு.

முதலில் காகிதம். லைசென்ஸை ஜப்பானிய மொழியில் பெயர்த்து வாங்க வேண்டும். லைசென்ஸ் எடுத்த பிறகு அதே நாட்டில் மொத்தம் மூன்று மாதமாவது இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட் முத்திரைகளைப் பார்ப்பார்கள். என் பழைய பாஸ்போர்ட் அம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருந்தது, தேடி எடுத்துத் தபாலில் அனுப்பினார்கள். அப்புறம் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, லைசென்ஸில் ஒற்றை எழுத்து. அந்த எழுத்துக்கும் என் அப்பாவுக்கும் என்ன உறவு என்று கவுன்டரில் விளக்குவதற்கு எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று. கவுன்டரில் இருந்த பெண்மணி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

எழுத்துத் தேர்வு அப்போது பத்தே கேள்விகள். சரியா தவறா என்று போட வேண்டும், ஏழு சரியாக இருந்தால் தேர்ச்சி. இப்போது அப்படி இல்லை. 2025 அக்டோபரிலிருந்து 50 கேள்விகள், 45 சரியாக இருக்க வேண்டும். போகிறவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

இனி ஓட்டுகிற தேர்வு. நான் பேச வந்ததே இதைப் பற்றித்தான்.

தேர்வு மையத்தின் வளாகத்துக்குள்ளேயே ஒரு குட்டி ஊர் கட்டி வைத்திருக்கிறார்கள். சிக்னல், சந்து, நாற்சந்தி, எல்லாம் உண்டு. மதிய இடைவேளையில் அந்தப் பாதையில் நடந்து பார்க்க விடுவார்கள். முதல் நாள் நான் போனபோது பிரேசில்காரர் ஒருவர், அறுபது வயது இருக்கும், தனியாக நடந்துகொண்டிருந்தார். இரண்டு கையாலும் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நடக்கிறார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, மேலே பார்க்கிறார், பக்கத்தில் பார்க்கிறார், தோளுக்குப் பின்னால் கழுத்தை முழுசாகத் திருப்பிப் பார்க்கிறார். பாவம், பயந்துபோயிருக்கிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அவருக்கு அது ஐந்தாவது முறையாம். அன்றைக்கு அவர் பாஸ். நான் ஃபெயில்.

எதில் ஃபெயில்? ‘தொமாரே’. நில் என்று அர்த்தம். தலைகீழாக நிற்கிற சிவப்பு முக்கோணப் பலகை, தரையில் ஒரு வெள்ளைக் கோடு. நான் வேகத்தைக் குறைத்தேன், இரண்டு பக்கமும் பார்த்தேன், யாரும் இல்லை, போனேன். நம் ஊரில் அது ரொம்ப ஒழுக்கமான ஓட்டுநர் செய்கிற காரியம். பக்கத்திலிருந்த அதிகாரி, தொடங்கிய இடத்துக்குத் திரும்பிப் போகச் சொன்னார். அவ்வளவுதான், தேர்வு முடிந்தது. சக்கரம் ஊர்ந்தால் அது நிற்பது இல்லை. முழுசாக நிற்க வேண்டும், கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும்.

இரண்டாவது முறை எல்லா இடத்திலும் நின்றேன். ஆனாலும் ஃபெயில். இந்த முறை அதிகாரி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். ‘குபி’. சொல்லிவிட்டுத் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். குபி என்றால் கழுத்து. வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்பதற்கும் அங்கே குபி என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர், ‘எந்தக் கம்பெனியிலிருந்து?’ என்றார்.

நான் பார்க்காமல் இல்லை, நேயர்களே. கண்ணாடியில் பார்த்தேன். கண்ணை ஓட்டித்தான் பார்த்தேன். ஆனால் கண் ஓடியது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. பார்த்தால் போதாது, பார்ப்பது தெரிய வேண்டும். இடது பக்கம் திரும்புவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் தெரியுமா? 30 மீட்டருக்கு முன்னாலேயே இண்டிகேட்டர் போட வேண்டும். கண்ணாடி பார்த்து, கழுத்தைத் திருப்பிப் பார்த்து, வண்டியை இடது ஓரமாக ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். நமக்கும் ஓரத்துக்கும் நடுவில் ஒரு சைக்கிள் நுழைய இடம் இருக்கக் கூடாது. திரும்பும்போது இன்னொரு முறை தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். திரும்புகிற வண்டிக்கு அடியில் சைக்கிள்காரர் சிக்கிக்கொள்வதை ‘மகிகோமி’ என்கிறார்கள். சுருட்டி உள்ளே இழுத்துக்கொள்வது. அந்த வார்த்தையைக் கேட்டாலே உடம்பு கூசும்.

முதலில் எனக்கு இது நாடகமாகத்தான் பட்டது. அப்புறம் ஒரு நாள் மகனின் பாலர் பள்ளி வாசலில் பார்த்தேன். சின்னப் பிள்ளைகளுக்குச் சாலையைக் கடக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கையை உயரத் தூக்கிக்கொண்டு கடக்க வேண்டும். எதற்கு? ஓட்டுகிறவர் கண்ணில் பட. நாலு வயதிலேயே ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று காட்டப் பழக்குகிற ஊரில், ‘நான் பார்க்கிறேன்’ என்று காட்டத்தான் என்னைச் சொல்கிறார்கள். அதிலிருந்து வீட்டில் பாத்திரம் கழுவும்போதுகூடக் கழுத்தைத் திருப்பிப் பழகினேன்.

மூன்றாவது முறை ஃபெயில் ஆனது வெட்கத்தால். ‘கிராங்க்’ என்று ஒரு இடம். குறுகலான சந்து, சடாரென்று ஒரு பக்கம் திரும்பும், அடுத்த நொடி மறுபக்கம் திரும்பும். ஓரத்தில் கம்பங்கள் தொங்கும். வண்டி இடிக்கும் போல இருந்தால் நின்று, ரிவர்ஸ் எடுத்து, மறுபடி போகலாம். ஒன்றிரண்டு முறை எடுத்தால் பெரிதாக ஒன்றும் போய்விடாது. ஆனால் ரிவர்ஸ் எடுத்தால் ஓட்டத் தெரியாதவள் என்று நினைத்துவிடுவாரே! எச் போட்டவள் அல்லவா நான்? சமாளித்துவிடலாம் என்று போனேன். கம்பம் ‘டொக்’ என்றது. கிளம்பிய இடத்துக்குத் திரும்பினோம்.

நான்காவது முறை பாஸ். 100 மதிப்பெண்ணில் தொடங்கிக் கழித்துக்கொண்டே வருவார்கள், 70 மிஞ்சினால் போதும். எனக்கு எவ்வளவு மிஞ்சியது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான்கு முறையும் ஹாரனில் கை வைக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. அங்கே ஹாரன் அடிக்கச் சொல்லும் பலகை உள்ள இடத்திலும், ஆபத்தைத் தவிர்க்க வேறு வழியில்லாதபோதும்தான் அடிக்கலாம். மற்றபடி அடிப்பதே சட்டப்படி குற்றம். லாரிக்குப் பின்னால் ‘சவுண்ட் ஹாரன்’ என்று எழுதி வைக்கிற ஊரிலிருந்து போனவளுக்கு, கையைக் கட்டிப் போட்டது மாதிரி இருந்தது.

முதல் லைசென்ஸில் பச்சைக் கோடு, அப்புறம் நீலம், ஐந்து வருடம் எந்தத் தவறும் இல்லாவிட்டால் தங்கம். அந்தத் தங்கக் கோட்டையும் வாங்கிவிட்டுத்தான் ஊர் திரும்பினேன். இப்போது இங்கே ஓட்டும்போதும் ஒவ்வொரு திருப்பத்திலும் கழுத்து தானாகத் திரும்புகிறது. பக்கத்து சீட்டில் வந்த தம்பி கேட்டான்: ‘ஏனுங்க்கா, பின்னால யாராச்சும் கூப்பிட்டாங்களா?’

கார் வாங்குகிற கதையையும் சொல்ல நினைத்திருந்தேன், கடிகாரம் விடாது போல. சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே பெரும்பாலான ஊர்களில் கார் வாங்கும் முன் அதை நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீசிடம் சான்று வாங்க வேண்டும். ‘ஷாகோ ஷோமெய்’ என்று பெயர். அந்த இடம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், வரைபடமும் போட்டுக் கொடுக்க வேண்டும். நான் போட்ட படத்தில் எங்கள் வீட்டைவிடக் கார் பெரிதாக இருந்தது. அதைத் திருத்தி மறுபடி… சரி, நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.