காலையில் மட்டும் பொய் சொன்ன பாட்

வணக்கம் மக்களே. பின்னால் குக்கர் விசில் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள். வேலூர் தோட்டப்பாளையத்தில் மாமாவின் லாட்ஜில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். இங்கே தங்குபவர்களில் பாதிப்பேர் அவரவர் அறையிலேயே சமைத்துக்கொள்வார்கள்.

சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்காக வங்காளம், அசாம் பக்கமிருந்து வருகிறவர்கள் பலர் காட்பாடியில் விடிகாலையில் இறங்குவார்கள். ரயிலில் இருக்கும்போதே "ரூம் இருக்கா" என்று மாமாவுக்கு மெசேஜ் வந்துவிடும். மனுஷன் தூங்கட்டுமே என்று டயலாக்ஃப்ளோவில் (சாட்பாட் கட்டுவதற்கான கூகுளின் கருவி) ஒரு பாட், அதாவது மெசேஜுக்குத் தானாகப் பதில் சொல்லும் புரோகிராம், கட்டிக்கொடுத்தேன். அது கேள்வியைப் புரிந்துகொள்ளும். ஆனால் எந்த ரூம் காலி என்ற கணக்கு மாமாவின் கூகுள் ஷீட்டில் அல்லவா இருக்கிறது? அதனால் நடுவில் என்8என் (n8n) வைத்தேன். ஆப்களை ஒன்றோடொன்று இணைக்கும் கருவி அது; அதில் ஒவ்வொரு படியும் ஒரு 'நோட்', எல்லாம் சேர்ந்தது 'ஒர்க்ஃப்ளோ'. வெப்ஹூக் நோட் கேள்வியை வாங்கும், ஷீட் நோட் கணக்கை எடுக்கும், கோட் நோடில் நான் எழுதிய பத்து வரி ஜாவாஸ்கிரிப்ட் தேதியைப் பொருத்திப் பார்க்கும், கடைசி நோட் பதிலைத் திருப்பி அனுப்பும்.

மதியம் சோதித்தேன், கச்சிதம். மறுநாள் காலை ஐந்தரைக்கு மாமா போன். "டேய், நாலு ரூம் காலியா கிடக்கு, உன் பாட் ஒண்ணும் இல்லன்னு அனுப்புதுடா!" எழுந்து உட்கார்ந்து நான் எழுதிய கோட் முழுவதையும் வரி வரியாகப் பார்த்தேன். தப்பே இல்லை. பத்து மணிக்கு மேல் அதே கேள்வியைக் கேட்டால் சரியான பதில்!

இதோ, ஸ்கிரீனைப் பாருங்கள். விருந்தினர் தேதி சொல்லாவிட்டால் என் கோட் 'இன்று' என்று எடுத்துக்கொள்ளும். நம் சர்வரில் நாமே நிறுவும் என்8என்னில் நேர மண்டலத்தை மாற்றாமல் விட்டால் அது நியூயார்க் நேரம். நமக்கு விடிகாலை என்றால் அங்கே முந்தின நாள் ராத்திரி. நம் ஊரில் காலை ஒன்பதரை வரை, அங்கே குளிர்காலமென்றால் பத்தரை வரை, அதற்கு இன்னும் நேற்றுதான். பாவம், பாட் நேற்றைய வரிசையைப் படித்துவிட்டு நேர்மையாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது. ஒர்க்ஃப்ளோ செட்டிங்ஸில் டைம்ஸோனை ஏசியா/கொல்கத்தா என்று மாற்றினேன், அவ்வளவுதான்.

தேதி சொல்லிக் கேட்டால் வேறு கதை. டயலாக்ஃப்ளோ தேதியோடு பகல் 12 மணியையும் ஒட்டி அனுப்பும். தேதி இருக்கும் முதல் 10 எழுத்தை மட்டும் வெட்டி எடுங்கள்.

அப்புறம் இன்னொன்று. நான் பயன்படுத்தும் டயலாக்ஃப்ளோ இ.எஸ். (ES) பதிப்பு நம் பதிலுக்கு 5 விநாடிதான் காத்திருக்கும். நான் முதலில் யார் கேட்டார்கள் என்று ஷீட்டில் எழுதிவிட்டுப் பதில் அனுப்பினேன், சில நேரம் அதற்குள் நேரம் முடிந்துவிடும். இப்போது 'ரெஸ்பாண்ட் டு வெப்ஹூக்' நோடை முன்னால் நகர்த்திவிட்டேன். பதில் போன பிறகு சாவகாசமாக எழுதிக்கொள்கிறது. சோதிக்கும்போது மட்டும் வேலை செய்யும் வெப்ஹூக்கின் டெஸ்ட் யூ.ஆர்.எல்.லையே டயலாக்ஃப்ளோவில் ஒட்டிவிட்டு, 'பாட் பேசவே மாட்டேங்குது' என்று நான் முழித்த கதையைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஆட்கள் வாடகையில் பேரம் பேசினால் பாட் என்ன செய்யும் என்று மாமா கேட்கிறார். அதற்கு இன்னும் கோட் எழுதவில்லை.