எடுக்காமல் விட்ட பணம்

நடுவர் அய்யா அவர்களுக்கும், இந்தப் புழுக்கத்திலும் மஞ்சக்குப்பம் வரை வந்து உட்கார்ந்திருக்கும் கடலூர் மக்களுக்கும் வணக்கம்.

"செல்வந்தரின் பெருமை ஈட்டும் முறையிலா, ஈயும் கொடையிலா?" எனக்குக் கிடைத்தது ஈட்டும் முறை. கேட்டிருந்தாலும் இதைத்தான் வாங்கியிருப்பேன்.

எனக்கு முன் பேசிய அக்கா, ஜான் போகிள் என்ற அமெரிக்கரைத் தன் பக்கத்துச் சாட்சியாக நிறுத்தினார். வான்கார்டு என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர், சம்பளத்தில் பாதியை அறப்பணிக்குக் கொடுத்தவர் என்றார். உதவித்தொகையில் படித்துக்கொண்டே உணவுக்கூடத்தில் பரிமாறும் வேலை பார்த்த பிளேர் அகாடமியில், பிற்காலத்தில் மற்ற பிள்ளைகளுக்கு உதவித்தொகை வைத்தவர் என்றார். எல்லாம் உண்மை. ஆனால் அக்கா சாட்சியைப் பாதி விசாரணையோடு இறக்கிவிட்டார். மீதியை நான் கேட்கிறேன்.

1974-ல் வெலிங்டன் என்ற முதலீட்டு நிறுவனத்தின் தலைமைப் பதவியிலிருந்து போகிளை வெளியேற்றினார்கள். அதே ஆண்டு அவர் வான்கார்டைத் தொடங்கினார். தொடங்கியபோது செய்த ஏற்பாட்டைத்தான் கவனிக்க வேண்டும். மற்ற இடங்களில், மக்களிடம் பணம் திரட்டிப் பங்குகளில் போடும் நிதியை நடத்தும் கம்பெனிக்கு முதலாளி தனி, பணம் போடும் மக்கள் தனி. வான்கார்டில் அந்த நிதித் திட்டங்களே கம்பெனிக்குச் சொந்தக்காரர்கள். அதாவது, பணம் போட்டவர்தான் கடைசியில் முதலாளி. லாபம் என்று தனியாக யார் பைக்கும் போகாது, கட்டணம் குறையும். போகிள் தன் பெயருக்குப் பங்கு எழுதிக்கொள்ளவில்லை.

வேலை போனவருக்கு வேறு வழியில்லை, அதனால் செய்தார் என்று எதிரணி சொல்லலாம். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் 1996 வரை அவர்தான் தலைமை நிர்வாகி. அந்த ஏற்பாடு கடைசிவரை மாறவில்லை. அவர் 2019-ல் இறந்தபோது அந்த நிறுவனம் பராமரித்த பணம் ஏறத்தாழ 5 லட்சம் கோடி டாலர். அவரோ வசதியாக இருந்தார், ஆனால் நூறு கோடி டாலர் சொத்துக்காரர்கள் பட்டியலில் அவர் பெயர் ஏறவே இல்லை. அந்தத் தொழிலில் அவரைவிட எத்தனையோ சிறிய ஆட்கள் அதில் ஏறினார்கள்.

1976-ல் சாதாரண மக்களுக்கான முதல் இண்டெக்ஸ் ஃபண்டைக் கொண்டுவந்தார். எந்தப் பங்கு ஏறும் என்று ஜோசியம் பார்க்காமல், பங்குச்சந்தைக் குறியீடு என்ற பட்டியலில் உள்ள 500 கம்பெனிகளையும் அப்படியே வாங்கி வைக்கும் திட்டம். 15 கோடி டாலர் சேரும் என்று எதிர்பார்த்தார்கள், வந்தது 1 கோடியே 13 லட்சம். "போகிளின் மடத்தனம்" என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே விற்பனைக் கமிஷனையும் ரத்து செய்தார்.

நிதியை நடத்துபவர் வருஷத்துக்கு எடுக்கும் கட்டணம் ஒன்றரை சதவீதம்தானே, அதற்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றும். நம்ம ஊர்க் கணக்காகப் போட்டுப் பாருங்கள். பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஒரு அம்மா, கையெல்லாம் பால் பட்டுக் கறுத்து, ஒரு லட்சம் சேர்த்து முப்பது வருஷத்துக்குப் போட்டு வைக்கிறார். வருஷத்துக்குப் பத்து சதவீதம் வளர்ந்தால் கையில் வருவது சுமார் 17 லட்சத்து 45 ஆயிரம். அதில் வருஷாவருஷம் ஒன்றரை சதவீதத்தைக் கட்டணமாக எடுத்தால் வருவது சுமார் 11 லட்சத்து 56 ஆயிரம். கிட்டத்தட்ட ஆறு லட்சம் போய்விட்டது! போட்ட முதலைப்போல ஆறு மடங்கு. அந்த ஆறு லட்சத்தை எடுத்தவர், அதில் ஐயாயிரத்தைக் கோயிலுக்குக் கொடுத்து டியூப்லைட்டில் "உபயம்" என்று பெயர் எழுதிக்கொண்டால் அவர் வள்ளலா?

தொண்ணூறுகளில் நம் மாவட்டத்தில் இதைக் கண்ணால் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். 24, 36 சதவீதம் வட்டி என்று போர்டு வைத்த நிதி நிறுவனங்கள் தண்ணீர்ப் பந்தல் வைத்தன, அன்னதானம் போட்டன. அந்த அன்னதானத்தை நம்பியே ஓய்வூதியப் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டினவர்கள் உண்டு. ஒருநாள் ஷட்டர் இறங்கியது. 1997-ல் தமிழ்நாடு அரசு முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டம் போட வேண்டி வந்தது. கொடை, முறையற்ற ஈட்டலுக்குத் திரையாகவும் ஆகும் என்பதற்கு நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதே இல்லை.

ஆனாலும் ஒருமுறை போவோம். எதிரணித் தலைவர், அமெரிக்க எஃகு முதலாளி கார்னகி கட்டிய 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்களைச் சொன்னார். பெரிய காரியம், சந்தேகமே இல்லை. அதே கார்னகியின் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் 1892-ல் கூலியைக் குறைத்தார்கள், எதிர்த்துப் போராடியவர்களில் சிலர் செத்தும் விழுந்தார்கள். பின்னால் அந்த ஊருக்கும் ஒரு நூலகம் வந்தது. பன்னிரண்டு மணி நேரம் உலைமுன் நின்றவன் எப்போது போய்ப் படிப்பான்?

அப்புறம் வடலூர். பசித்தவர்களுக்குச் சோறு போட வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது என்று எதிரணி சொன்னபோது நானும்தான் கைதட்டினேன். பசித்தவனிடம் போய்க் கட்டண விகிதம் பேச நான் வரவில்லை. ஆனால் வள்ளலார் செல்வந்தர் இல்லையே அய்யா! அந்த அடுப்பு எளிய மனிதர்கள் கொண்டுவந்த அரிசியில் எரிந்த அடுப்பு. நம் தலைப்பு செல்வந்தரின் பெருமை. வடலூரை அதற்குச் சாட்சியாகக் கூப்பிடக் கூடாது.

போகிளிடம் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், 2018 நவம்பரில், தான் வளர்த்த இண்டெக்ஸ் ஃபண்டுகளிடமே கம்பெனிகளில் பங்குதாரராக ஓட்டுப் போடும் உரிமை மிதமிஞ்சிக் குவிந்தால் நாட்டுக்கு நல்லதல்ல என்று பத்திரிகையில் எழுதினார். 89 வயதில், தன் வாழ்நாள் வேலையைப் பற்றி. எந்த நன்கொடைப் பட்டியலிலும் இது வராது.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பிக்கு ஒரு கேள்வி. 1974-ல் போகிள் அந்தக் கம்பெனியைத் தன் பெயருக்கே எழுதிக்கொண்டு, பல ஆயிரம் கோடி சேர்த்து, கடைசியில் பெரிய அறக்கட்டளை ஒன்றைத் திறந்திருந்தால் நீங்கள் அவரை இன்னும் உயர்வாகப் பேசியிருப்பீர்கள். அந்தப் பல ஆயிரம் கோடி யார் வீட்டுச் சேமிப்பிலிருந்து வந்திருக்கும்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் பேச்சைத் தொடங்குங்கள்.