ரத்தம் போனாலே மூலம்தானா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். குடல் அழற்சி நோயைப் பற்றி ஒரு டாக்டராகப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். சாப்பிட்டுக்கொண்டே கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மலம், ரத்தம், கக்கூஸ் எல்லாம் பேச்சில் வரும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டே பல பேர் நோயை முற்றவிட்டு வருகிறார்கள்.

மலத்தில் ரத்தம் வந்தால் பக்கத்து வீட்டு அக்காவிலிருந்து மருந்துக்கடைத் தம்பி வரைக்கும் ஒரே பதில்தான்: மூலம். காரணமும் தயாராக இருக்கும், சூடு. வேலூர்க்காரனிடம் சூடு என்றால் அதற்கு மேல் கேள்வியே கிடையாது. ஆனால் எந்த மே மாத வெயிலும் பெருங்குடலில் புண் போடாது.

குடியாத்தம் பக்கம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். எங்கே பேசினாலும் இதைச் சொல்வேன், என் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். இருபது வயசைத் தாண்டிக் கொஞ்ச நாள்தான் இருக்கும். ரத்தமும் சளியுமாக ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை. அம்மா துத்திக்கீரையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கொடுத்தார், கருணைக்கிழங்கை மசித்துப் போட்டார். பையன் தானாகக் கண்டுபிடித்த வைத்தியம் பட்டினி. வண்டி எடுக்கும் முன் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. காட்பாடி, லத்தேரி, கே.வி. குப்பம் என்று வழியில் எந்த டீக்கடைக்காரர் பின்பக்கம் போக விடுவார் என்பதெல்லாம் அத்துப்படி. மீதிச் சில்லறை கொடுக்காமல் இறங்கி ஓடுகிறான் என்று பயணிகளிடம் கெட்ட பேர் வேறு!

என்னிடம் வந்தபோது முதலில் கேட்டேன்: “ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து போறியாப்பா?” “ஆமா சார், ரெண்டு மணிக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை.” அங்கேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. மூலம் ஆளைத் தூக்கத்திலிருந்து எழுப்பி ஓட வைக்காது. டென்ஷன் ஆனால் வயிற்றைக் கலக்குமே, ஐபிஎஸ் (IBS) என்பார்கள், அதில் ரத்தம் போகாது. வேலையாக இருப்பவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன்: வாரக்கணக்கில் பேதி, ரத்தத்தோடு சளி, ராத்திரி எழுந்து போவது, எடை குறைவது. இவை சேர்ந்து வந்தால் கீரையை நம்பிக் காத்திருக்காதீர்கள். கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்து பார்த்தோம். அல்சரேடிவ் கொலைட்டிஸ், பெருங்குடலில் புண் போடும் குடல் அழற்சி நோய்.

கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் படை சொந்தக் குடலையே தாக்குகிறது. தொற்றுநோய் இல்லை, ஒரே தட்டில் சாப்பிடலாம். கொலைட்டிஸ் பெருங்குடலின் உள்தோலோடு நிற்கும். இன்னொரு வகை குரோன்ஸ் நோய், 1932இல் நியூயார்க்கில் குரோன் உள்பட மூன்று மருத்துவர்கள் விவரித்தது. அது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரும், குடல் சுவரையே துளைக்கும். சுவருக்குச் சுவர் ‘மூலம், பவுத்திரம்’ என்று விளம்பரம் பார்க்கிறோமே, ஆசனவாய்ப் பக்கம் துளை விழுந்து சீழ் வடியும் அந்தப் பவுத்திரம் திரும்பத் திரும்ப வந்தால் உள்ளே குரோன்ஸ் இருக்கிறதா என்று ஒரு தடவையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல், குடல் காசநோய். டிபியும் குரோன்ஸும் சிறுகுடல் முடியும் அதே இடத்தில் அதே மாதிரிப் புண் போடும். டிபியைக் குரோன்ஸ் என்று நினைத்து, எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் டிபி பரவிவிடும். அதனால் டாக்டர் சதை எடுத்துப் பார்க்கிறார், திரும்ப வரச் சொல்கிறார் என்றால் சலித்துக்கொள்ளாதீர்கள். பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கும் குடல் நோய்க்கும் நெடுநாள் உறவு. 1960களின் தொடக்கத்தில் ஸ்ப்ரூ என்ற பேதி நோய் கிராமம் கிராமமாகப் பரவியபோது, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியிலிருந்து பேக்கர், மத்தான் போன்ற டாக்டர்கள் அந்த ஊர்களுக்கே போய் ஆராய்ந்தார்கள். அது பெரிய கதை, இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன்.

கண்டக்டர் பையனுக்குக் குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலமைன் கொடுத்தோம். மாத்திரை ஒன்று, ஆசனவாய் வழியாக வைப்பது ஒன்று. இரண்டாவதைக் கேட்டதும் முகம் சுளித்தான். கடைசிப் பகுதியில் புண் இருந்தால் மருந்து நேராகப் போய்ச் சேரும் வழி அதுதான். வெயில் காலத்தில் சட்டைப் பையில் வைத்தால் உருகிவிடும், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். சில வாரத்தில் ரத்தம் நின்றது. பையன் என்ன செய்தான்? நல்லாயிட்டேன் என்று மாத்திரையை நிறுத்தினான். ஆடியில் நிறுத்தியவன் தீபாவளிக்கு முன்னால் மறுபடியும் வந்து நின்றான், முன்னைவிட மோசமாக.

நம் பாலாறு இருக்கிறதே, மேலே பார்த்தால் மணல், தோண்டினால் தண்ணீர். இந்த நோயும் அப்படி. வெளியே ஒன்றும் தெரியாத காலத்திலும் உள்ளே அழற்சி ஓடிக்கொண்டிருக்கலாம். நல்லா இருக்கும்போது சாப்பிடுகிற மாத்திரைதான் நல்லா இருக்க வைக்கிறது. இதையும் இரண்டாம் முறை சொல்கிறேன்: நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தவே கூடாது, டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எதிர்ப்பு சக்தியை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் மாதிரி ஊசி போடும் முன் டிபி பரிசோதனை கட்டாயம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சாப்பாட்டைப் பற்றித்தான் நிறைய எழுதி வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த நோயைக் கொண்டுவரும் ஒற்றை உணவு என்று எதுவும் கிடையாது, முள்ளுக்கத்திரிக்காயை யாரும் குற்றம் சொல்ல வேண்டாம். நோய் கிளம்பியிருக்கும்போது குழைந்த சோறு, இட்லி போதும். குடல் சுருங்கியிருந்தால் முருங்கைக்காய்ச் சக்கை, மக்காச்சோளம் வேண்டாம். மூட்டு வலிக்கு டைக்லோஃபினாக் மாதிரி வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், அது நோயைக் கிளப்பிவிடலாம். குரோன்ஸ்காரர்கள் பீடி, சிகரெட்டை விட்டே ஆக வேண்டும். கொலைட்டிஸ் வந்து எட்டு வருஷம் ஆனவர்கள் புற்றுநோய் இருக்கிறதா என்று கொலோனோஸ்கோபியில் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு ஒன்று: கல்யாணம், குழந்தை எல்லாம் முடியும். நோய் அடங்கியிருக்கும்போது கருத்தரிப்பது நல்லது. மெதோட்ரெக்ஸேட் என்ற மருந்து கருவுக்கு ஆகாது, அதைச் சாப்பிடுகிறவர்கள் சில மாதங்களுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி அதை மாற்றிக்கொள்ளுங்கள். மற்ற மருந்துகளை நீங்களாகப் பயந்து நிறுத்த வேண்டாம், டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். நேரம் ஆகிவிட்டது, வணக்கம்.