ஈமேக்ஸில் பிடிஎஃப் மங்கலாகத் தெரிகிறதா? ரெண்டு சுழியா, மூணு சுழியா என்று பார்த்துவிடலாம்

[திரை: பிடிஎஃப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு சொல். ஓரங்கள் பஞ்சு போல மங்கியிருக்கின்றன.]

இந்தச் சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். 'மணமக்கள்' என்றுதானே படித்தீர்கள்? நானும் அப்படித்தான் படித்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

[திரை: அதே சொல், இப்போது கூர்மையாக. 'மனமக்கள்' என்று இருக்கிறது.]

பெங்களூரில் பெல்லந்தூர் பக்கம் எங்கள் அபார்ட்மென்ட். தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பொங்கலுக்கு ஒரு சின்ன மலர் போடுவோம். ஏ5 அளவு, நாற்பது பக்கம். போன வருடம் புரூஃப் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. நான் பகல் முழுக்க ஈமேக்ஸ் என்ற உரைத்தொகுப்பு நிரலுக்குள்ளேயே கிடப்பவள். நிரல் எழுதுவது, குறிப்பு, மெயில் எல்லாம் அதில்தான். மலரின் பிடிஎஃப்பையும் அங்கேயே திறந்து பார்த்தேன், சரி என்று சொல்லி அச்சுக்கு அனுப்பினேன். பொங்கலன்று காலையில் ரெண்டாவது பிளாக் மாமா போன் செய்தார். "ஏம்மா, என் பொண்ணும் மாப்பிள்ளையும் மனமக்களா? மனசு மட்டும்தான் கல்யாணம் பண்ணிக்கிச்சா?"

எழுத்துப்பிழையைத் தட்டச்சு செய்தது வேறு யாரோ. ஆனால் கண்ணில் படாமல் விட்டது நான். ஏன் படவில்லை என்று தோண்டிப் பார்த்ததில்தான் இந்த வீடியோ பிறந்தது.

தமிழ் எழுத்தில் வேறுபாடுகள் சின்னச் சின்ன இடத்தில் ஒளிந்திருக்கின்றன. ரெண்டு சுழி ன, மூணு சுழி ண. மேலே ஒரு புள்ளி இருக்கிறதா இல்லையா. கொம்பு ஒற்றையா இரட்டையா. படம் மங்கினால் முதலில் காணாமல் போவது இவைதான். அதைவிட மோசம், நமக்கு மொழி தெரியும் என்பதால் காணாமல் போனதைக் கண்ணே இட்டு நிரப்பிக்கொள்ளும். தமிழ் தெரியாத ஒருவர் அந்தச் சொல்லைப் பார்த்திருந்தால் 'இது தெளிவாக இல்லையே' என்றிருப்பார். நான் 'மணமக்கள்' என்று படித்துவிட்டுப் போய்விட்டேன்.

[திரை: ஈமேக்ஸ் சாளரம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இடப்பக்கம் சாதாரண உரைக்கோப்பு, வலப்பக்கம் பிடிஎஃப்.]

முதலில் ஒரு சோதனை. இடப்பக்கம் நீங்களே தட்டச்சு செய்த தமிழ் வரி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், வலப்பக்கம் பிடிஎஃப். ரெண்டும் மங்கலா, பிடிஎஃப் மட்டும் மங்கலா?

ரெண்டும் மங்கல் என்றால் பிடிஎஃப் மேல் குற்றமில்லை. லினக்ஸில் வேலண்ட் என்ற புதிய திரைக்காட்சி முறையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். திரை அளவை 125 சதவீதம், 150 சதவீதம் என்று வைத்திருப்பீர்கள். பழைய எக்ஸ் முறையில் ஓடும் செயலியைச் சின்னதாக வரைந்து, அதை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுவார்கள். ஈமேக்ஸுக்குள் 'விண்டோ-சிஸ்டம்' என்ற மாறியின் (வேரியபிள்) மதிப்பைப் பாருங்கள். 'எக்ஸ்' என்று வந்தால் இதுதான் சங்கதி. 2023-இல் வந்த ஈமேக்ஸ் 29-இலிருந்து 'பிஜிடிகே' என்றொரு கட்டமைப்பு இருக்கிறது, அது வேலண்டில் நேராக ஓடும். அதற்கு மாறினால் பெரும்பாலும் மங்கல் போய்விடும். அவ்வளவுதான், இதைத் தாண்டி இதில் பேச ஒன்றுமில்லை.

பிடிஎஃப் மட்டும் மங்கல் என்றால் விஷயம் வேறு. சுவாரசியமும் அங்கேதான்.

[திரை: கோப்புறை ஒன்று. அதில் வரிசையாகப் படக்கோப்புகள், பக்கத்துக்கு ஒன்று.]

ஈமேக்ஸில் பிடிஎஃப்பைத் திறந்தால் அதைக் காட்டுவது 'டாக்வியூ'. டாசிலோ ஹார்ன் எழுதியது, 2009-இல் வந்த ஈமேக்ஸ் 23-இலிருந்து கூடவே வருகிறது. இதற்கு பிடிஎஃப் படிக்கத் தெரியாது. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். பிடிஎஃப்பை இன்னொரு நிரலிடம் கொடுக்கும், மியூபிடிஎஃப்பிடமோ கோஸ்ட்ஸ்க்ரிப்டிடமோ. அது ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு பிஎன்ஜி படமாக வரைந்து ஒரு தற்காலிகக் கோப்புறையில் போடும். டாக்வியூ அந்தப் படத்தை எடுத்து உங்கள் முன்னால் நீட்டும். நீங்கள் பார்ப்பது எழுத்து இல்லை, எழுத்தின் போட்டோ. லிப்ரே ஆஃபீஸ் கோப்பைத் திறந்தாலும் அதை முதலில் பிடிஎஃப்பாக்கி இதே வழியில்தான் அனுப்பும்.

சரி, அந்த போட்டோவை எவ்வளவு நுணுக்கமாக எடுக்கிறது? 'டாக்-வியூ-ரெசல்யூஷன்' என்ற மாறி சொல்லும். யாரும் தொடாவிட்டால் அதன் மதிப்பு 100. அதாவது ஓர் அங்குலத்துக்கு 100 புள்ளி. ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம் என்பதால் படம் 827 பிக்சல் அகலம் வரும். எங்கள் மலர் ஏ5. அதன் அகலம் 5.83 அங்குலம்தான். படம் 583 பிக்சல்.

இப்போது இன்னொரு மாறி, 'டாக்-வியூ-இமேஜ்-விட்த்'. திரையில் படத்தை எத்தனை பிக்சல் அகலத்தில் காட்டவேண்டும் என்பது இது. மதிப்பு 850.

[திரை: 583 என்று எழுதிய சின்னச் சதுரம், 850 என்று எழுதிய பெரிய சதுரமாக இழுபடுகிறது.]

கணக்கு புரிகிறதா? 583 பிக்சலில் எடுத்த படத்தை 850-க்கு இழுத்திருக்கிறது, கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. அதன்மேல் நான் வேறு, எழுத்து சின்னதாக இருக்கிறதே என்று கூட்டல் குறியை ரெண்டு தட்டு தட்டினேன். டாக்வியூ அப்போது பக்கத்தைப் புதிதாக வரையாது. கையிலிருக்கும் படத்தையே மேலும் இழுக்கும். பாஸ்போர்ட் போட்டோவை ஃப்ளெக்ஸ் பேனராக அடித்த மாதிரி.

ரெசல்யூஷன் 100-இல், 10 பாயின்ட் அளவு எழுத்துக்கு மேலிருந்து கீழ் வரை கிடைப்பது ஏறக்குறைய 14 பிக்சல். அதற்குள் ண-வின் மூன்று சுழியும் அடங்கவேண்டும். சுழிக்கு நடுவில் இருக்கும் வெள்ளை இடம் சாம்பல் நிறமாகிவிடுகிறது. பிறகு எங்கே எண்ணுவது?

[திரை: அமைப்புக் கோப்பில் மூன்று வரிகள், ஒன்றன் கீழ் ஒன்றாகத் தட்டச்சாகின்றன. கீழே சின்ன எழுத்தில்: வீடியோவை நிறுத்திப் பார்த்து எழுதிக்கொள்ளவும்.]

திரையில் இருக்கும் மூன்று வரிகளில் முதல் வரி ரெசல்யூஷனை 300 ஆக்குகிறது. நிறையப் பேர் இதோடு நின்றுவிட்டு, 'பெரிய வித்தியாசம் தெரியலையே' என்பார்கள். தெரியாது. காட்டும் அகலம் இன்னும் 850-இல்தான் நிற்கிறது, நுணுக்கமாக எடுத்த படத்தை மறுபடி நசுக்கித்தான் காட்டும். ரெண்டாவது வரி அந்த அகலத்தை மாற்றுகிறது. அதை எழுதப் பிடிக்காவிட்டால் பிடிஎஃப்பைத் திறந்ததும் பெரிய எழுத்து டபிள்யூ அழுத்துங்கள், பக்கம் சாளரத்தின் அகலத்துக்கு விரியும். மூன்றாவது வரி, 'டாக்-வியூ-ஸ்கேல்-இன்டர்னலி' என்பதை இல்லை என்று ஆக்குகிறது. அப்படிச் செய்தால் பெரிதாக்கும் ஒவ்வொரு முறையும் பக்கத்தைப் புதிதாக வரையும். காட்டும் அகலம் என்ற கணக்கும் அதற்கப்புறம் கிடையாது. தெளிவு கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் காத்திருக்கவேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. முதல் ரெண்டு வரியோடு நிறுத்திக்கொண்டேன்.

இதையெல்லாம் மாற்றிவிட்டு பிடிஎஃப்பை மறுபடி திறந்தேன். அதே மங்கல்! அரைமணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் கீழே ஓடிய செய்தியைக் கவனித்தேன்.

[திரை: ஈமேக்ஸின் அடிவரி, பெரிதாக்கிக் காட்டப்படுகிறது.]

ஏற்கெனவே எடுத்துவைத்த படங்களையே காட்டுகிறேன் என்று அது சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தத் தற்காலிகக் கோப்புறையில் பழைய படங்கள் அப்படியே இருக்கின்றன. கூடவே எந்த ரெசல்யூஷனில் எடுத்தது என்ற எண்ணையும் ஒரு கோப்பில் எழுதிவைத்திருக்கிறது. திறக்கும்போது அந்தப் பழைய எண்ணையே எடுத்துக்கொள்கிறது. அதனால் எண்ணை மாற்றியதும் 'டாக்-வியூ-க்ளியர்-கேஷ்' என்ற கட்டளையை ஓட்டிவிட்டு, பிடிஎஃப்பை மூடித் திறங்கள்.

[திரை: பழைய பக்கமும் புதிய பக்கமும் பக்கத்தில் பக்கத்தில்.]

சுழியை எண்ணிப் பாருங்கள். ரெண்டுதான்.

எவ்வளவு வைக்கலாம், 600 வைக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். ஏ4 பக்கத்தை 300-இல் வரைந்தால் 2481-க்கு 3508, ஏறக்குறைய 87 லட்சம் பிக்சல். பிக்சலுக்கு 4 பைட் என்று வைத்தால் ஒரு பக்கம் நினைவகத்தில் 35 எம்பி பிடிக்கும். ரெசல்யூஷனை இரட்டித்தால் இது நான்கு மடங்கு. ஐந்நூறு பக்கப் புத்தகத்தைத் திறந்தால் பின்னணியில் எல்லாப் பக்கத்தையும் வரைய ஆரம்பித்து, மடிக்கணினியின் விசிறி ஆட்டோ மாதிரி சத்தம் போடும்.

தேவையான எண்ணை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 'விண்டோ-பிக்சல்-விட்த்' என்ற செயற்பாட்டை ஓட்டினால் சாளரத்தின் அகலம் பிக்சலில் வரும். அதைத் தாளின் அகலத்தால், அங்குலத்தில், வகுங்கள். என் மடிக்கணினியில் முழுச் சாளரம் 1920. ஏ4 என்றால் 1920-ஐ 8.27-ஆல் வகுக்க 232 வருகிறது. ஏ5 மலருக்கு 329. ரெண்டாகப் பிரித்த சாளரத்தில் ஏ4 பார்த்தால் 116 போதும். அதற்குமேல் வைப்பது வீண். மேக்கில் ரெட்டினா திரை என்றால் வரும் எண்ணை இரட்டித்துக்கொள்ளுங்கள்.

திரையும் கணக்கில் உண்டு. எஸ்பி ரோட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய 24 அங்குல மானிட்டர் ஒன்று வீட்டில் இருக்கிறது. 1920-க்கு 1080, அங்குலத்துக்கு 92 பிக்சல்தான். என் 14 அங்குல மடிக்கணினியில் அதே எண்ணிக்கை பிக்சல் நெருங்கி உட்கார்ந்து 157 வருகிறது. அதனால் ஒரே பக்கம் மானிட்டரில் பெரிதாகவும் சொரசொரப்பாகவும், மடிக்கணினியில் சின்னதாகவும் தெரியும். புரூஃபை மானிட்டரில்தான் பார்க்கிறேன், கண்ணுக்குப் பெரிய எழுத்து வேண்டும்.

[திரை: பக்கத்தின் நான்கு ஓர வெள்ளைகளும் மறைந்து, எழுத்துப்பகுதி சாளரத்தை நிறைக்கிறது.]

இது எனக்கு ரொம்பப் பிடித்த வித்தை. சின்ன எழுத்து எஸ், அப்புறம் பி ('பாக்ஸ்' என்பதன் முதல் எழுத்து). பக்கத்தின் ஓரத்து வெற்றிடத்தை வெட்டிவிட்டு எழுத்து இருக்கும் பகுதியை மட்டும் காட்டும். அப்புறம் டபிள்யூ. தமிழ்ப் புத்தகங்களில் ஓரம் தாராளமாக விடுவார்கள், அந்த இடமெல்லாம் எழுத்துக்கு வந்துவிடும். பழையபடி வேண்டுமானால் எஸ், ஆர்.

தினமும் பிடிஎஃப்போடு மல்லுக்கட்டுகிறவர் என்றால் டாக்வியூவை விட்டுவிட்டு 'பிடிஎஃப் டூல்ஸ்' என்ற ஈமேக்ஸ் கூடுதல் தொகுப்பைப் போட்டுக்கொள்ளுங்கள் என்பேன். ஆண்ட்ரியாஸ் பொலிட்ஸ் தொடங்கியது. 'ஈபிடிஎஃப்இன்ஃபோ' என்ற சின்ன நிரல் ஒன்று பின்னால் ஓடும், அது பாப்லர் என்ற பிடிஎஃப் வரையும் நிரல் நூலகத்தைக் கொண்டு நீங்கள் பார்க்கும் பக்கத்தை மட்டும், பார்க்கும் அளவுக்கே, அப்போதே வரைந்து தரும். கூட்டல் குறியைத் தட்டினால் புது அளவில் புதிதாக வரையும். மேலே போட்ட வகுத்தல் கணக்கெல்லாம் தேவையே இல்லை. ரெட்டினா திரைக்காரர்கள் 'பிடிஎஃப்-வியூ-யூஸ்-ஸ்கேலிங்' என்பது ஆம் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். ராத்திரியில் கண் கூசாமலிருக்க 'மிட்நைட்' முறையும் உண்டு. ஒரே தொல்லை, அந்தப் பின்னணி நிரலை உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யவேண்டியிருக்கலாம். ஆஃபீஸ் மடிக்கணினியில் எதையும் நிறுவ விடமாட்டார்கள் என்றால் டாக்வியூவும் 300-உம் தாராளமாகப் போதும்.

புதிய ஈமேக்ஸில் மியூபிடிஎஃப் வழியாகப் பக்கத்தை எஸ்விஜியாக, அதாவது புள்ளிகளுக்குப் பதில் கோடுகளாகவே வைத்திருக்கும் படமாக, வாங்கும் வசதியும் டாக்வியூவுக்கு வந்திருக்கிறது. எவ்வளவு இழுத்தாலும் மங்காது. கனமான பக்கங்களில் தள்ளாடும், அதனால் நான் பழகவில்லை.

[திரை: மஞ்சளேறிய பழைய புத்தகத்தின் ஸ்கேன்.]

இதெல்லாம் எழுத்து எழுத்தாகவே உள்ளே இருக்கும் பிடிஎஃப்புக்கு. பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் கதை வேறு. அதற்குள் இருப்பதே போட்டோ. டெர்மினலில் 'பிடிஎஃப்இமேஜஸ்' கட்டளையை 'லிஸ்ட்' என்ற தெரிவோடு ஓட்டுங்கள். 'எக்ஸ்-பிபிஐ' என்ற பத்தியில் எந்த நுணுக்கத்தில் உள்ளே இருக்கிறது என்று தெரியும். அங்கே 150 என்று இருந்தால் நீங்கள் 300 கேட்டாலும் 600 கேட்டாலும் படம்தான் பெரிதாகும், சுழி பிறக்காது. வேறு நல்ல பிரதி தேடுவதுதான் வழி.

எழுத்து கூர்மையாகத் தெரிந்தும் கட்டம் கட்டமாகவோ, சம்பந்தமே இல்லாத ஆங்கில எழுத்தாகவோ வந்தால் 'பிடிஎஃப்ஃபான்ட்ஸ்' ஓட்டிப் பாருங்கள். 'ஈஎம்பி' பத்தியில் 'நோ' என்றிருந்தால் எழுத்துருவை பிடிஎஃப்புக்குள் வைக்காமலே அனுப்பிவிட்டார்கள். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் செய்த கோப்புகளில் இது நடக்கும். உங்கள் பக்கத்தில் எதை மாற்றியும் பயனில்லை, அனுப்பியவரிடம் எழுத்துருவோடு சேர்த்து மறுபடி கேளுங்கள்.

[திரை: இந்த வருட மலரின் முதல் பக்கம், 330-இல், ஓரம் வெட்டி, மானிட்டரின் அகலம் முழுக்க.]

இந்த வருடமும் புரூஃப் என்னிடம்தான் வந்திருக்கிறது. மாமா ஏற்கெனவே ரெண்டு தடவை போன் செய்து கேட்டுவிட்டார். முதல் பக்கம், முதல் வரி.

[திரை: வரி மட்டும் பெரிதாகிறது: 'இனிய பொங்கல் வாழ்ததுகள்'.]

நடுவில் த-வுக்கு மேல் புள்ளியைக் காணோம். சரி, நான் போய் இதைத் திருத்திவிட்டு வருகிறேன்.