ஓர் அடிகூட நடக்காமல் மாரத்தானை ஜெயித்தவர்!

[திரையில்: மாரத்தான் சாலை, வேகமாகச் சுழலும் சக்கரங்கள்]

1994, அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான். ஆண்கள் ஓட்டத்தில் ஜெயித்த காஸ்மஸ் என்டெட்டிக்கு ஆன நேரம் 2 மணி 7 நிமிடம் 15 விநாடி. அதே நாள், அதே 42 கிலோமீட்டர் சாலை. சக்கர நாற்காலிப் பிரிவில் ஜீன் டிரிஸ்கால் 1 மணி 34 நிமிடம் 22 விநாடியிலேயே எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டார்! ஸ்பைனா பிஃபிடாவோடு பிறந்தவர் அவர். பாஸ்டனில் மட்டும் 8 முறை ஜெயித்திருக்கிறார்.

அந்தப் பந்தயத்தில் அவர் எத்தனை அடி நடந்தார் என்று கணக்கெடுத்தால்? பூஜ்ஜியம். உடல் உழைப்பை நடையால் அளப்பதில் இருக்கும் கோளாறு இதுதான்.

சரி, ஸ்பைனா பிஃபிடா என்றால் என்ன? கருவில் முதல் 28 நாட்களுக்குள் மூட வேண்டிய நரம்புக்குழாய் (மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய்) முழுதாக மூடாமல் போவது. பொதுவாக, பிளவு முதுகில் எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு கால் பலம் குறையும். இது போதும், ஆராய்ச்சிக்கு வருவோம்.

ஸ்பைனா பிஃபிடாவால் சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைகளுக்கு மூச்சுத்திறன், அதாவது உழைக்கும்போது உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன், குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அதை எப்படி அளந்தார்கள்? பெரும்பாலும் கையால் சுற்றும் பெடலை வைத்து. நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதே பிள்ளைகளைச் சக்கர நாற்காலியைத் தள்ளவும் வைத்துப் பார்த்தார்கள். உச்ச இதயத் துடிப்பும் கூடியது, உடல் எடுத்துக்கொண்ட ஆக்சிஜனும் கூடியது! பிள்ளை அதேதான், மாறியது கருவி. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. தினமும் தள்ளுகிற கை அது, பெடல் சுற்றுகிற கை அல்ல.

இன்னொரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. இதுவும் சக்கர நாற்காலியில்தான். 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள். பீப் சத்தம் கேட்பதற்குள் அடுத்த கோட்டைத் தொட வேண்டும். போகப்போக பீப் வேகமாகும். நேரே போவது சுலபம்; திரும்புகிற இடம்தான் பெண்டு நிமிர்த்தும். ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, மறு கையால் தள்ளி, வண்டியைத் திருப்பி, அப்புறம் மறுபடி முதலிலிருந்து வேகம் எடுக்க வேண்டும். வீட்டுக்குள்ளும் தெருவிலும் அவர்கள் படும் பாடு இதுதானே? சோதனை என்றால் இப்படி இருக்க வேண்டும்!

2016-இல் ஆப்பிள் வாட்ச்சும் மாறியது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அடிகளுக்குப் பதில் தள்ளல்களை எண்ணுகிறது. 'எழுந்து நில்லுங்கள்' என்பதற்குப் பதில் 'உருளும் நேரம்' என்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தந்த அளவு: பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, பிள்ளைகளுக்குச் சராசரியாகத் தினம் 60 நிமிடம்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். ஸ்பைனா பிஃபிடா உள்ள பலருக்கு லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை உண்டு, அதனால் பயிற்சிப் பட்டை லேடெக்ஸ் இல்லாததா என்று பார்த்து வாங்குங்கள். உணர்ச்சி இல்லாத இடத்தில் தோல் உராய்ந்து புண்ணானால் வலிக்காது. பயிற்சி முடிந்ததும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

சக்கர நாற்காலியில் இருக்கிறீர்களா? உங்களை உண்மையிலேயே மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி எது? கமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.