கடல் எப்படி இருக்கு?

வணக்கம் நேயர்களே.

வீடு, சுற்றம், நட்பு பற்றி லேசாக ஏதாவது பேசுங்கள், அரசியல் மட்டும் வேண்டாம் என்று இங்கே கேட்டுக்கொண்டார்கள். சரி என்றுதான் சொன்னேன். ஆனால் அரசியல் இல்லாமல் சுற்றத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? எங்கள் வீட்டில் யாருக்கு எந்த அறை, யாருக்கு விறாந்தை என்பதைத் தீர்மானிப்பதற்கே ஒரு பாராளுமன்றம் கூடவேண்டியிருக்கிறது.

நான் திருகோணமலையில், கோட்டையடிக்கு நடந்து போகிற தூரத்தில், ஓர் ஒழுங்கைக்குள் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றாயிற்று. வீட்டில் நான், இவர், மாமி, மகள். இது மழைக்காலக் கணக்கு. வெயில் காலக் கணக்கு எனக்கே தெரியாது. பாயை எண்ணித்தான் சொல்லவேண்டும்.

கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்கு இது விளங்கும். ஐப்பசி பிறந்தால் எங்களுக்கு மாரி. வாடைக்காற்று, மழை, கடலில் இறங்க முடியாத அலை. சித்திரைக்குப் பிறகு கடல் அடங்கிவிடும், புரட்டாதி வரை அடங்கியே கிடக்கும். கொழும்புப் பக்கம் இதற்கு நேர் எதிர். அங்கே தென்மேற்குப் பருவக்காற்று வந்து கடல் எழும்புகிற அதே மாதங்களில்தான் இங்கே கடல் படுத்திருக்கும். ஆகவே நாட்டின் அந்தப் பக்கத்தில் உள்ள சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் எங்கள் ஞாபகம் வருகிறது. கனடா, லண்டன்காரருக்கும் ஆடி ஆவணியில்தான் விடுமுறை. வானிலையும் கல்வித் திணைக்களங்களும் உலகளவில் கூடிப் பேசி என் குசினிக்கு எதிராக எடுத்த முடிவு இது.

சித்திரை வருடப்பிறப்புக்கு வாழ்த்துச் சொல்ல எடுப்பார்கள். "மச்சாள், எப்படி சுகம்?" என்பது ஒரு மூச்சு. அடுத்த மூச்சில், "கடல் எப்படி இருக்கு?" மார்கழியில் எங்கள் ஒழுங்கைக்குள் முழங்கால் வரை தண்ணீர் நின்றபோது ஒருவரும் கடலைப் பற்றிக் கேட்கவில்லை. யுத்த காலத்திலும் கேட்கவில்லை. அந்த வருடங்களில் பாய்கள் எல்லாம் சுருட்டியபடி பரணில் கிடந்தன. அதை நினைத்துக்கொண்டுதான் இப்போது வருகிறவர்களை "வாங்கோ, வாங்கோ" என்கிறேன்.

கொழும்புக் கோட்டையில் இரவு ரயில் ஏறினால் விடியும் முன்னர் இங்கே கொண்டுவந்து இறக்கிவிடும். இது வருகிறவர்களுக்குப் பெரிய வசதி. நித்திரை முடிந்து இறங்குகிறார்கள். எங்களுக்குத்தான் நித்திரை பாதியில். ஆட்டோச் சத்தம் கேட்டதும் மாமி எழும்பி விளக்கைப் போட்டு, வாசலில் நின்றுகொண்டே ஆட்களைப் பிரித்துவிடுவார். வயதானவர்களுக்கு உள் அறை. புதிதாகக் கல்யாணம் செய்தவர்களுக்கு மகளின் அறை. பல்கலைக்கழகம் போகிற பெடியன்களுக்கு விறாந்தை. குறட்டை விடுகிறவர்களுக்கு முற்றத்து மாமரத்தின் கீழ் கன்வஸ் கட்டில். யார் குறட்டை விடுகிறவர் என்பது மாமிக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். "இவன்ர தகப்பனும் இப்பிடித்தான்" என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

காலைத் தேத்தண்ணீர் முடிந்ததும் இவருடைய பங்கு தொடங்கும். நான் அடுப்படி, இவர் வழிகாட்டி. பேச்சில்லாமலே நடந்த பாகப்பிரிவினை. முதல் நாள் எப்போதும் கோணேஸ்வரம் கோயில்தான். பிரெடெரிக் கோட்டை வாசலில் எல்லோரையும் நிறுத்தி இவர் தொடங்குவார்: "1624இல போர்த்துக்கேயர் கோயிலை இடிச்சு, அந்தக் கல்லில இந்தக் கோட்டையைக் கட்டினவங்கள். இந்தா, வாசல்ல இரட்டை மீன் தெரியுதா? பாண்டியன்ர சின்னம். 1956இல ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலுக்கடியில மூழ்கிக் கோயில் தூணுகளைக் கண்டுபிடிச்சவை. 1963இல கும்பாபிஷேகம்." வருடம் ஒன்றும் பிசகாது. எங்கள் கல்யாண நாள் மட்டும் எனக்கு ஞாபகப்படுத்தவேண்டியிருக்கிறது.

மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே இந்த உரையைப் பாடமாக்கிவிட்டாள். தகப்பன் தொண்டை செருமினால் "ஆயிரத்து அறுநூற்று..." என்று இவள் முந்திக்கொள்வாள். இவருக்குக் கோபம் வராது. வாரிசு தயார் என்று சந்தோஷம்.

திருஞானசம்பந்தர் திருகோணமலைக்குப் பதிகம் பாடினார் அல்லவா? அவர் கடல் கடந்து இங்கே வரவில்லை, இராமேஸ்வரத்தில் இருந்தபடியே பாடினார் என்பது மரபு. மாமிக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். "நாயன்மாரில அவருக்குத்தான் வீட்டுக்காரற்ற கஷ்டம் விளங்கியிருக்கு" என்பார்.

மலை உச்சியில் இராவணன் வெட்டு இருக்கிறது. இராவணன் வாளால் வெட்டியதாகச் சொல்லப்படும் பிளவு. எட்டிப் பார்த்தால் அடியில் கடல். பக்கத்து மரத்தில் பிள்ளை வரம் வேண்டிக் கட்டிய குட்டித் தொட்டில்கள் தொங்கும். போன வருடம் என் ஒன்றுவிட்ட தங்கச்சி அந்த மரத்தடியில் நின்று, தன் மகளின் பக்கம் திரும்பி, ஒரு பார்வை மட்டும் பார்த்தாள். அவளுடைய மருமகன் உடனே கைபேசியை எடுத்து அலுவலகத்துக்கு ஏதோ அவசரமாகக் கதைக்கத் தொடங்கிவிட்டார். அங்கே சிக்னல் கிடைத்ததா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்.

இனி மான்கள். இதைச் சற்று ஆறுதலாகச் சொல்லவேண்டும்.

பிரெடெரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அவை கோட்டைக்குள்ளேயே இருப்பதில்லை என்பதுதான் எங்கள் பிரச்சினை. ஊருக்குள் வரும், தெருவைக் கடக்கும், பஸ்ஸுக்கு ஒதுங்காது, பஸ்தான் ஒதுங்கவேண்டும். கடை வாசலில் ஆட்களோடு ஆளாக நிற்கும். வாழைப்பழம் வைத்திருப்பவரை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடும். கொழும்புப் பிள்ளைகள் "மான்! மான்!" என்று கத்துவார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். நானும் திரும்பிப் பார்ப்பதில்லை, என் செவ்வரத்தையில் வாய் வைத்தால் தவிர. அப்போது விளக்குமாற்றோடு இறங்குவேன். வந்த விருந்தாளிகள் "ஐயோ, பாவம் மான்" என்று என்னைத்தான் பார்ப்பார்கள். செவ்வரத்தைக்குப் பரிந்து பேச ஒருவரும் இல்லை.

எங்கள் சித்தப்பா ஒருவர், வெள்ளவத்தையில் நாற்பது வருடம் இருந்தவர். வேலியில்லாத பக்கமாகக் கொடி கட்டியிருக்கிறேன், அதில் தன் புதுச் சாரத்தைத் தோய்த்துப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். கொம்புள்ள கலைமான் ஒன்று கொடிக்குக் கீழே புல் மேய்ந்துவிட்டுத் தலையை நிமிர்த்தியது. சாரம் கொம்பில் ஏறிவிட்டது. அது உதறிப் பார்த்தது, விழவில்லை. பிறகு, இருக்கட்டும் என்று நினைத்ததோ என்னவோ, சாரத்தோடேயே நிதானமாக ஒழுங்கையால் நடந்து போனது. சித்தப்பா இடுப்பில் துவாயோடு, மேலெல்லாம் சவர்க்கார நுரையோடு, படலை வரை ஓடிவந்து நின்றார். அதற்கு மேல் போக மானம் விடவில்லை. விறாந்தைப் பெடியன்கள் துரத்தப் போனார்கள். சிரிப்பில் அவர்களால் ஓட முடியவில்லை. முன்வீட்டு ஐயா சைக்கிளை நிறுத்தி மானுக்கு வழி விட்டார், பெரிய மனிசர் ஒருவர் உடுத்திக்கொண்டு வருகிற மாதிரி.

சாரம் பிறகு மதிலடியில் கிடைத்தது. இப்போது இந்தக் கதையை வெள்ளவத்தையில் சித்தப்பாவே சொல்கிறாராம். அவருடைய கதையில் மான்கள் ஐந்து, அவர் கடற்கரை வரை துரத்திப் போயிருக்கிறார், துவாயைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொல்லிவிடுகிறேன். மிஞ்சிய சாப்பாட்டைப் பொலித்தீன் பையோடு எறியாதீர்கள். மான் பையையும் சேர்த்துத்தான் விழுங்கும்.

அடுத்த நாள் கன்னியா. வெந்நீர்க் கிணறுகள் ஏழு. சின்னச் சதுரக் கிணறுகள், வாளியால் அள்ளித்தான் குளிக்கவேண்டும், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். தாயின் கிரியைக்காக இராவணன் உண்டாக்கியது என்று ஐதீகம். அந்தியேட்டிக் கிரியைக்கு இன்றும் அங்கே வருகிறார்கள். எந்தக் கிணற்றில் சூடு கூட என்று எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சி உண்டு. ஆடி மாதக் கச்சான் காற்று சுட்டுக்கொண்டிருக்கும் மத்தியானத்தில், வேர்த்து வழியும் உடம்பில் சுடுதண்ணீரை ஊற்றிக்கொண்டே வாதாடுவார்கள். ஒருமுறை ஒரு மைத்துனர் காய்ச்சல் பார்க்கும் தேர்மோமீற்றரோடு வந்தார். தோற்ற கட்சி, அது பழுதான தேர்மோமீற்றர் என்று சொல்லிவிட்டது.

நிலாவெளியைப் பற்றி நான் அதிகம் சொல்லமாட்டேன், பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கிருந்து படகில் புறாத்தீவுக்குப் போவார்கள். 2003இல் தேசியப் பூங்காவாக்கிய இடம், முருகைக்கல்லும் சின்னச் சுறாக்களும் பார்க்கலாம். "கடிக்காது" என்று படகுக்காரர் சொன்னாலும் இவர் கரையில் இருந்து செருப்புகளுக்குக் காவல் இருப்பார். எனக்குத் தெரிந்தது மண் மட்டும்தான். பாயில் மண், தலையணையில் மண், சொதிச் சட்டியில்கூட மண். கார்த்திகை மழைக்குத்தான் வீடு முழுவதும் கழுவுப்படும்.

இத்தனை பேருக்கும் சமைக்கிற விஷயத்தில் என்னைக் காப்பாற்றுகிறவள் கிண்ணியாவில் இருக்கிற என் கூட்டாளி. ஒன்றாகப் படிப்பித்தவர்கள் நாங்கள். அந்தக் காலத்தில் அவள் 'பாதை' ஏறித்தான் பள்ளிக்கூடம் வரவேண்டும். பாதை என்றால் வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக் கடலைக் கடக்கும் மிதவை. பிந்தினால் பாதைதான் காரணம், பிந்தாவிட்டாலும் பாதையைத் திட்டுவாள். 2009இல் பாலம் திறந்தபோது அதிபர் அவளிடம், "இனி என்ன சாட்டு?" என்று கேட்டார். "பாலம் நீளம் சேர்" என்றாள்.

இப்போது ஒரு போன் போதும். "எத்தனை பேர்டி?" என்று மட்டும் கேட்பாள். மகனின் மோட்டார் சைக்கிளில் றாலும் கணவாயும் ஒரு பக்கம், சட்டித் தயிர் மறுபக்கம் வந்து இறங்கும். நோன்புப் பெருநாள் என்றால் வட்டிலப்பமும். பாலைப்பழக் காலத்தில் அதுவும் ஒரு பை. கனடாப் பிள்ளைகள் பாலைப்பழத்தைத் தின்றுவிட்டு உதடு ஒட்டிப்போய் ஒரு மணி நேரம் பேசாமல் இருப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் கூடுதலாகக் கேட்டு வாங்குவேன்.

அந்தக் கனடாப் பிள்ளைகளில் ஒருத்தி, அக்காவின் மகள், இலக்கியம் படிக்கிறவள். வந்த அன்றே, "சின்னம்மா, ஜேன் ஆஸ்டினின் தம்பி எங்கே?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எங்கள் ஒழுங்கையில் அப்படி யாரும் இல்லையே, பிள்ளை! பிறகு விளக்கினாள். ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்ள்ஸ் ஆஸ்டின், பிரித்தானியக் கடற்படை அதிகாரி, 1852இல் பர்மாவில் இறந்தவர். அவரை அடக்கம் செய்தது திருகோணமலையில். பழைய வெள்ளைக்காரர் மயானத்தில் கல்லறை இருக்கிறது. நானும் அவளும் ஆட்டோ பிடித்துப் போனோம். போகிற வழி முழுவதும் நான் மரக்கறி வாங்கப் போகிற அதே வழி.

இவருக்குத்தான் பெரிய அடி. 1624உம் 1956உம் 1963உம் கையில் வைத்திருக்கிறவருக்கு இந்த 1852 தெரியாமல் போய்விட்டது. இரவு முழுவதும் அந்தப் பிள்ளையிடம் கேள்வி கேட்டு ஒரு கொப்பியில் எழுதினார். அடுத்த வாரம் வந்த யாழ்ப்பாணத்து விருந்தாளிகளுக்கு, சின்ன வயதில் இருந்தே தெரிந்த விஷயம் என்ற தோரணையில், "ஜேன் ஆஸ்டின்ர தம்பி இங்கதான் இருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "எந்த ஒழுங்கையில?" என்று அவர்கள் கேட்டார்கள்.

நாங்களும் கொழும்புக்குப் போகிறதுண்டு. அங்கே எங்களை ஏசி போட்ட கட்டடம் ஒன்றுக்குக் கூட்டிப்போய், மாடிப்படி தானாக ஏறுவதைக் காட்டி, ஐஸ்கிரீம் வாங்கித் தருவார்கள். ஒருமுறை மாமி அதைச் சாப்பிட்டுக்கொண்டே, "இங்க மான் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார். வீட்டில் முருங்கைக் கன்றை மான் முறித்துவிட்டது என்று ஒரு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். நேற்றிரவு மட்டக்களப்பில் இருந்து மகளின் வருங்கால மாமியார் எடுத்துக் கடலைப் பற்றி விசாரித்திருக்கிறார். ஆகவே இந்த முறை மாமியின் அறை ஒதுக்கீட்டில் சில திருத்தங்கள் வரும், கன்வஸ் கட்டில் யாருக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை. நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரியும் சித்தப்பா, நீங்களும் வாங்கோ. தலையணை உறை ஒன்று கொண்டுவாங்கோ. சாரம் இரண்டாகக் கொண்டுவாங்கோ.

வணக்கம்.